துண்டுக்குள் பேசிய உயில்

ஏலக்காய் மணம் எனக்கு மூக்கில் ஏறுவதில்லை, உள்ளங்கையில்தான் ஏறுகிறது. டீக்கடை, பாயசம், கல்யாண வீட்டு வாசல், எங்கே அந்த மணம் வந்தாலும் வலது கை தானாக விரல்களை மடக்கிக்கொள்கிறது. ஒரு துண்டைத் தேடுகிறது.

போடியில் அப்பாவுக்கு ஏலக்காய்க் கடை. ஒற்றை ஷட்டர். ஏலமெல்லாம் கம்ப்யூட்டர் திரைக்குப் போன பிறகும், மலையிலிருந்து மூட்டையோடு இறங்கி வரும் சின்னத் தோட்டக்காரர்களிடம் அப்பா மாட்டுச் சந்தையில் பேசுகிற மாதிரி துண்டைப் போட்டு, அதற்குள் விரல் பிடித்துத்தான் விலை பேசுவார். உள்ளே எத்தனை விரல் என்பது அந்த இரண்டு கைகளுக்கு மட்டும் தெரியும். தலை ஆடினால் பேரம் முடிந்தது. துண்டுக்குள் பேசியதை வாயால் சொல்லக் கூடாது. சொன்னவனுக்கு அப்புறம் யாரும் கை நீட்ட மாட்டார்கள்.

இப்படிப்பட்ட மனிதருக்கு உயில் எழுதும் எண்ணம் வந்தது, கம்பத்துப் பக்கம் எங்கள் திராட்சைத் தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்தைப் பார்த்து. அங்கே தகப்பன் ஒன்றும் எழுதிவைக்காமல் போய்ச் சேர்ந்தார். அண்ணனும் தம்பியும் கிணற்றைப் பாகம் பிரித்து, நடுவில் குறுக்குச் சுவர் எழுப்பினார்கள். தண்ணீருக்குச் சுவர் புரியவில்லை. அண்ணன் மோட்டார் போட்டால் தம்பி பக்கமும் வற்றியது. வழக்கு கோர்ட்டு ஏறியது, மோட்டார்கள் நின்றன, இரண்டு திராட்சைப் பந்தலும் ஒன்றுபோலக் காய்ந்தன. பாகம் சரிசமமாக நடந்தது அந்த ஒரு விஷயத்தில்தான்.

"எம்புள்ளைக அப்படி ஆகக் கூடாது" என்று அப்பா தேனியிலிருந்து ஒரு வக்கீலை வரவழைத்தார். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன், சின்னமனூரில் டீச்சராக இருக்கும் தங்கை, எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டு ஊர் ஊராகத் திரியும் நான், மூவரும் போடி வீட்டில் கூடினோம்.

"உயில்னா உங்க காலத்துக்கு அப்புறம்தான் செல்லும், எப்ப வேணாலும் மாத்தலாம். செட்டில்மென்ட்னா இன்னைக்கே கை மாறிரும்" என்றார் வக்கீல்.

"அப்ப உயிலே போடுங்க. இன்னைக்கே கை மாறுனா நாளைக்குக் காப்பி ஆறித்தான் வரும்."

"இப்பவே ஆறுது, மொதல்ல குடிங்கப்பா" என்றாள் தங்கை.

யாருக்கு எது வேண்டும் என்று வக்கீல் கேட்டார். "அப்பா பாத்துச் செய்யட்டும்." மூன்று வாயிலும் ஒரே பாட்டு.

"வாயில கேட்டா இப்படித்தான். வெரல்ல கேப்போம்." அப்பா தோள் துண்டை உதறினார். ஏலக்காய்த் தூசு பறந்து வக்கீல் தும்மினார். "ஒரு வெரலு கடை. ரெண்டு தோட்டம். மூணு வீடு. வேணுங்கிறதப் புடிங்க."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு துண்டுக்குள் கை விட்டான். தங்கைக்குக் கூசியது. "ஆத்தா, இது ஏவாரம், சிரிக்காத" என்று மகளை அதட்டினார் அப்பா. பிறகு நான். அப்பாவின் விரல் காய்ந்த ஏலக்காய் மாதிரி வரிவரியாக இருந்தது.

"யாரு எதக் கேட்டாகன்னு சொல்லுங்கய்யா, எழுதிக்கிறேன்" என்றார் வக்கீல்.

"துண்டுக்குள்ள பேசுனத வாயில சொல்லக் கூடாது தம்பி."

"அப்ப நான் எப்படி எழுதுறது?"

"கையக் குடுங்க."

வக்கீலின் கை துண்டுக்குள் போனது. போனது வெகுநேரம் வரவில்லை. மரியாதைக்குத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கை வெளியே வந்ததும், மரபு அறியாத மனிதர், உரக்கச் சொல்லிவிட்டார்: "மூணு பேருமே கடையத்தான் கேட்டிருக்காக!"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். அந்தக் கடை எங்களில் யாருக்குமே வேண்டாம். வேறு யாரும் கேட்க மாட்டார்கள், அப்பாவின் மனசு விட்டுப்போகும் என்று மூவரும் தனித்தனியே இரக்கப்பட்டிருக்கிறோம். காய்த்துத் தொங்கும் தோட்டமும் மாடி வைத்த வீடும் கேட்பாரற்று நின்றன. ஒற்றை ஷட்டருக்கு மூன்று வாரிசுகள். கடைக்குள் எழும்பப்போகும் குறுக்குச் சுவர்கள் என் கண்ணில் ஆடின.

"நீயே வச்சுக்க ஆத்தா" என்றான் அண்ணன்.

"ஐயோ, நீ மூத்தவன், நீதான் வச்சுக்கணும்."

"சின்னவன் சும்மாதான திரியிறான், அவன் வச்சுக்கட்டும்" என்று அண்ணன் என் பக்கம் கை காட்டினான்.

வேண்டாத சொத்துக்காக எங்கள் வீட்டில் நடந்த முதல் தகராறு அது.

அப்பா சிரித்தார். "ஏலே, வாங்குறவன் புடி எனக்குத் தெரியாதா? எலும்பு நோகும். நீங்க மூணு பேரும் ஆசுபத்திரியில நோயாளி கையப் புடிக்கிறாப்புல புடிச்சீக. கடைய நான் இருக்கும்போதே வேற ஏவாரிக்குக் குடுத்துருவேன். வீடு எம்மகளுக்கு. தோட்டம் பயலுக ரெண்டு பேருக்கும். கெணறு பொது. மொற வச்சுத் தண்ணி பாச்சுங்க, உள்ள ஒரு செங்கல் எறங்கக் கூடாது. எழுதுங்க தம்பி."

சாட்சிக்கு அப்பா வரச் சொல்லியிருந்தது யாரை? கிணற்றுக்குச் சுவர் வைத்த அதே அண்ணன் தம்பியை. ஒருவர் பிடித்த பேனாவை மற்றவர் வாங்க மறுத்ததால், வக்கீல் நடுவில் நின்று வாங்கி வாங்கிக் கொடுத்தார். இருவரும் முகம் பார்க்காமல் உயிலை மட்டும் பார்த்துக் கையெழுத்திட்டார்கள்.

மலைக்காற்று வாசலில் மண்ணை வாரிக்கொண்டிருந்தது. கார்க் கதவைத் திறந்த வக்கீல் தயங்கினார்.

"ஐயா, நம்ம பீஸு…"

"அதான் துண்டுக்குள்ளயே முடிஞ்சுருச்சே தம்பி. நீங்களும் தலையாட்டிட்டீகளே."

"நானா! எவ்வளவுக்குய்யா தலையாட்டுனேன்?"

அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அத வாயில சொல்லக் கூடாது. பாத்துப் போயிட்டு வாங்க."