பிரசிடெண்டம்மாவின் மண் வில்லை

இடது கையில் பச்சைமண் பிள்ளையார், வலது கையில் சின்னக் கத்தி. பிள்ளையாரின் முதுகில் அச்சு விட்ட கோட்டைச் சுரண்டிக்கொண்டே, "சொல்லு வீராயி, காது சும்மாதான இருக்குது" என்கிறாள் பாஞ்சாலை.

விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனியில் பொம்மை தேய்க்கும் இவளை முதலாளி முதல் வாட்ச்மேன் வரை 'பிரசிடெண்டம்மா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். எண்பத்தாறாம் வருஷத் தேர்தலில் ஓட்டு வாங்கி ஊராட்சித் தலைவரானவர் என்னவோ புருஷன் கொளஞ்சிநாதன்தான். மனு வந்து சேர்வது இவளிடம். தலைவரை டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் தேடி அலைவானேன்? பாஞ்சாலை காலை எட்டு மணிக்கு உட்கார்ந்த இடத்தில்தான் சாயங்காலம் ஐந்துக்கும் இருப்பாள்.

மனுவைக் காகிதத்தில் வாங்கமாட்டாள். "கையெல்லாம் ஈரம், ஊறிப்பூடும்." கழித்த மண்ணில் ஒரு வில்லை தட்டி, கத்தி முனையால் கீறிவிடுவாள்: 'பக்கிரிக்குப் பட்டா.' 'தெருவிளக்கு.' ஐந்தாவது வரை படித்த எழுத்து, குண்டு குண்டாக இருக்கும். மாலையில் அது தலைவரின் சட்டைப் பையில் ஏறும். காரியம் முடிந்தால் தண்ணீர் வாளிக்குள் போகும். கரைந்து மறுபடி மண்ணாகிவிடும்.

வீராயி கேட்டது கீழத்தெருவுக்கு ஓர் அடிபம்பு. அந்தத் தெருப் பெண்கள் ஒரு குடம் தண்ணீருக்கு ஒரு மைல் நடக்கிறார்கள். இரண்டு முறை வில்லை போயிற்று. இரண்டு முறையும் தலைவர் பையை உதறிக் காட்டினார்: "ஒடைஞ்சி தூளாயிடுச்சி, நான் இன்னா பண்ண?" விஷயம் வேறு. அடிபம்பு வைக்க ஊருக்குக் கிடைத்திருப்பது ஒரே ஒரு போர்வெல். பஸ் நிறுத்தத்தில் போட்டால் நாலு பேர் பார்ப்பார்கள், பெயர் நிற்கும் என்று அவருக்கு ஆசை.

பாஞ்சாலைக்கு வந்ததே கோபம்! மூன்றாவது வில்லையைக் காயவைத்து, பிள்ளையார்களுக்கு நடுவே சூளைக்குள் அனுப்பிவிட்டாள். "இப்ப ஒடையட்டும், பாத்துடுவோம்."

சூளை திறந்த காலையிலேயே போர் லாரியும் வந்து தொலைத்தது. "யக்கா, பஸ் ஸ்டாப்புல எறக்கப் போறாங்க!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள் வீராயி. சூடு ஆறுகிற வரை யார் காத்திருப்பது? வில்லையை முந்தானையில் சுற்றிக்கொண்டு பாஞ்சாலை ஓட, பொம்மை தேய்க்கும் பெண்கள் அத்தனை பேரும் மண் கையோடு பின்னால் ஓட, அடடா, அந்த ஓட்டத்தைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்!

ஊர் முன்னால் புருஷனை எதிர்த்துப் பேசுவதில்லை என்று ஒரு வைராக்கியம் அவளுக்கு. அன்றும் பேசவில்லை. "இந்தாங்க" என்று நீட்டினாள், அவ்வளவுதான். லாரியோரம் நின்றிருந்த தலைவர் அதை வாங்கி, சூடு தாங்காமல் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றி மாற்றிக் குதித்தார். குதித்தபடியே படித்தார்: 'கீழத்தெரு. பொம்பளைங்கள மறக்காதீங்க.'

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"லாரிய கீழத்தெருவுக்குத் திருப்புங்கப்பா. இது ஒடையாது போல இருக்குது."

சாயங்காலம் கீழத்தெருவில் போட்ட போர் சேறும் தண்ணீருமாகப் பீறிட்டு அடித்ததில் வீராயி தலையோடு நனைந்தாள். நகரவே மாட்டேன் என்று நின்றாள்.

மறுவாரம் பம்பு மேடைக்குச் சிமெண்ட் பூசி, கொத்தனார் தலைவரின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டுப் போனார். பாஞ்சாலை இடுப்புக் குடத்தை இறக்கிவைத்தாள். காரியம் முடிந்ததென்று புருஷன் வில்லையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், ஆனால் சுட்ட வில்லை எந்த வாளியிலும் கரையாதே. மடியிலிருந்து அதை எடுத்து, ஈரச் சிமெண்டில் புருஷன் பெயருக்கு நேர் கீழே, எழுத்து மேலே தெரிய வைத்து, கட்டை விரலால் அழுத்தினாள்.