அண்ணன் ஊதிய இடம்

பேத்தி பக்கத்து அறையில் தனியாகச் சாக்சபோன் பழகுகிறாள். நடுவில் மூச்சு வாங்க நிறுத்தினாள். அந்த அமைதியில் எனக்கு அண்ணன் நினைவு வந்தது.

சின்ன வயதில் மன்னார்குடிப் பக்கத்துக் கல்யாணங்களில் அண்ணனும் நானும் ஜோடியாகச் சாக்சபோன் வாசிப்போம். நான் மூச்சு வாங்கும் இடத்தை அவன் ஊதி நிரப்புவான். பாராட்டை மட்டும் நான் வாங்கிக்கொள்வேன்.

அவன் துபாய்க்குப் போன அதே வாரத்தில் ஒரு முகூர்த்தம். தாலி ஏறும் நேரத்தில் வாத்தியம் நிற்கவே கூடாது. நானோ பழக்கத்தில் நிறுத்திவிட்டு அவனுக்காகக் காத்திருந்தேன்.

தவில் வாசித்த சித்தப்பா என் பக்கம் குனிந்தார். "அண்ணன் பிளேன் ஏறிட்டான் பாப்பா. நீயே ஊது."

அழுதுகொண்டே ஊதினேன். தன் மகளுக்காகத்தான் நான் அழுகிறேன் என்று நினைத்துக் கல்யாணப் பெண்ணின் அம்மாவும் சேர்ந்து அழுதாள்.

"பாட்டி, மூச்சு முட்டுது. கூட வாசியேன்," என்றாள் பேத்தி.

"ஒருதடவை தனியா முடிச்சுக் காட்டுடி. அப்புறம் வர்றேன்."