அமாவாசைத் தைலத்துக்குக் கிடைத்த நற்சாட்சி

போன வாரம் திருச்சுழிச் சந்தையில் ஒருவர் மைக்கைப் பிடித்து உண்மையைச் சொல்லிவிட்டார். என் மச்சினனின் தொழிலே மாறிப்போனது!

மச்சினன் தங்கவேலுக்குப் பாளையம்பட்டியில் வீடு. வீட்டிலேயே கூந்தல் தைலம் காய்ச்சுகிறார். பெயர் — அமாவாசைத் தைலம். தடவினால் முடி அமாவாசை இருட்டு மாதிரி கறுத்து வளருமாம். யாருக்கும் வளர்ந்ததாகத் தகவல் இல்லை. வீடு முழுக்க விற்காத பாட்டில்கள். அரிசிப் பானைக்குப் பின்னால், தொட்டிலுக்கு அடியில்...

அவர் மனைவி பாக்கியம் என்னிடம் வந்து நின்றாள்.

"அண்ணே, அவுகட்ட சொல்லிருங்க. ஒண்ணு இந்த பாட்டிலெல்லாம் வெளிய போகணும். இல்லாட்டி நான் எங்காத்தா வீட்டுக்குப் போறேன். சோத்துலயும் இந்த வாடைதான்!"

தங்கவேல் அசரவில்லை.

"பத்திரிகையில பாக்கலயா மச்சான்? டானிக்கு விக்கிறவுகல்லாம், குடிச்சவுக வாயாலயே புகழ வைக்கிறாக. நமக்கும் ஒரு ஆளு இருக்காரு!"

ஆள் யார்? திருச்சுழிக் கருப்பையா. தாலுகா ஆபீசுக்கு வரும் வெளியூர்க்காரர்கள் ராத்தங்க, கயிற்றுக்கட்டில் வாடகைக்கு விடுபவர். வாரம் தவறாமல் தைலம் வாங்குகிறார் என்று அந்த ஊர்க் கடைக்காரர் சொன்னாராம். தங்கவேல் அவரைப் பார்த்ததே இல்லை.

"அம்புட்டுத் தைலம் வாங்குறாருன்னா தலையில எம்புட்டு முடி இருக்கணும்!"

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. சந்தையன்று வந்து நாலு வார்த்தை பேசவேண்டும் என்று கடைக்காரர் மூலம் சொல்லி அனுப்பினோம். சம்மதித்துவிட்டார்.

மைக் செட் கட்டினோம். வந்தார் கருப்பையா — தலையில் பெரிய தலைப்பாகை! "உள்ள அம்புட்டும் முடி மச்சான்" என்று தங்கவேல் என் காதில் கிசுகிசுத்தார்.

கூட்டம் சேர்ந்ததும் நான் கேட்டேன். "ஐயா, அமாவாசைத் தைலத்தால உங்களுக்கு என்ன பலன்?"

"ரொம்ப நல்ல தைலம். வருசக்கணக்காப் பட்ட கஷ்டம் தீந்துபோச்சு."

தங்கவேலுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "தலைப்பாவக் கழட்டிக் காட்டுங்கண்ணே!"

கழற்றினார். வெயில் பட்டுப் பளபளத்தது... முழு வழுக்கை!

சந்தையே சிரித்தது. "முடி எங்கய்யா?" என்று ஒரு குரல்.

"முடியா? இதத் தலையில வேற தடவுறாகளா?" கருப்பையா நிஜமாகவே பயந்துபோனார். "நான் கட்டிலுக்கில்ல தடவுறேன்! ஒரு மூட்டப்பூச்சி இல்ல. வந்து படுக்குறவுக நிம்மதியாத் தூங்குறாக!"

சிரிப்பு சட்டென்று நின்றது. ஏன் நிற்காது? வழுக்கை ஊரில் சில பேருக்குத்தான். மூட்டைப்பூச்சி இல்லாத வீடு எது?

"எனக்கு ரெண்டு பாட்டிலு குடுங்க" என்று ஒரு அம்மாள் கையை நீட்டினார். அவ்வளவுதான்... தள்ளுமுள்ளு!

தங்கவேல் மட்டும் அழாத குறை. "இது கூந்தலுக்குத்தா... கூந்தலுக்கு..."

"அட, குடுப்பா!"

பஸ்ஸில் காலிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். "மூலிகையெல்லாம் பாத்துப் பாத்துப் போட்டேனே மச்சான். மூட்டப்பூச்சிக்கா?" பாவமாக இருந்தது. நாம் ஒன்றை நினைத்து விற்கிறோம், ஜனங்கள் வேறொன்றுக்கு வாங்குகிறார்கள். அவர்களைப் பேசவிட்டால்தானே நமக்கே தெரிகிறது?

வீட்டில் பாக்கியம் விஷயத்தைக் கேட்டாள். ஒருகணம்தான் யோசித்தாள்.

"மூட்டப்பூச்சின்னா என்ன கேவலமா? கடிபட்டுத் தூங்காமக் கெடக்கவுகளக் கேட்டுப் பாருங்க. வாங்க, அடுத்த பானைய அடுப்புல ஏத்துவோம்."

"வாடை அடிக்குமேம்மா?" என்றேன் நான்.

"என்ன வாடைண்ணே?"

தங்கவேலுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. புது லேபிளுக்கு வாசகம் எழுதும் பொறுப்பு எனக்கு. 'மூட்டைப்பூச்சிக்கு மிகவும் உகந்தது' என்று எழுதிக் கொடுத்தேன்.

அப்படியென்றால் பூச்சி விரும்பிச் சாப்பிடுமா என்று பாக்கியம் கேட்கிறாள். திருத்திக்கொண்டிருக்கிறேன்!