துருக்கிச் சாரன்

எங்கள் ஊரில் ஒருத்திக்குக் கட்டின மனுசன் மௌத்தானால் முதலில் வந்து அழுவார்கள், பிறகு சட்டம் சொல்வார்கள். அழ இரண்டு நாள் போதும். சட்டம் சொல்ல, விதவை இத்தா இருக்கிற நான்கு மாதம் பத்து நாளும் போதாது. நான் வெள்ளை உடுத்து வீட்டுக்குள் அடைபட்டிருந்த அந்தக் காலத்தில்தான், கல்முனைக்கும் சாய்ந்தமருதுக்கும் இடையில் மார்க்கம் ஓதாமலேயே ஆலிமாகிவிட்ட பெண்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். கண்ணாடி பார்க்காதே என்றாள் ஒருத்தி. நிலவைப் பார்க்காதே என்றாள் இன்னொருத்தி, நிலவு ஆண்பிள்ளையாம். பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் கணக்குப் படிப்பித்தவள் நான். இரண்டும் இரண்டும் ஐந்து என்று சாதிக்கிற பிள்ளைகளையே பொறுத்தேன். இவர்களைப் பொறுக்க முடியவில்லை.

அவர்களுடைய பெரிய கவலை என் அலுமாரி. அதற்குள் மனுசனுடைய சாரன்கள் மடித்தபடி இருந்தன. பள்ளிக்குப் போக உடுத்த வெள்ளை, வயலுக்கு உடுத்த நீலக்கட்டம், பெருநாளுக்கு எடுத்த மருதமுனைப் பட்டுக்கரைச் சாரன்.

"மௌத்தானவர்ர உடுப்ப ஊட்ட வெச்சிருக்கப்படா ராத்தா. யாருக்காவது குடுங்க. இல்லாட்டி ரூஹு அலையும்," என்றாள் மூன்றாம் வீட்டுக்காரி.

"அலையட்டுமே. உசிரோட இரிக்கக்குள்ள வயல், வயல் எண்டு நற்பிட்டிமுனையிலதான் திரிஞ்ச மனுசன். இப்பயாவது ஊட்டுக்குள்ள அலையட்டும்."

அவள் தேநீரைக் குடிக்காமலே எழும்பிப் போனாள். நல்லது, சீனி மிச்சம்.

எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குத்தான். மகன் கலியாணம் முடித்தால் பெண் வீட்டுக்குப் போய்விடுவான். என் ஒரே மகன் ஒலுவிலில் பெண்சாதி வீட்டில் இருக்கிறான், வெள்ளிக்கிழமைகளில் வந்து சுகம் கேட்பான். மற்ற நாட்களில் நானும் அலுமாரியும்தான். அப்படி இருக்கும்போது ஒரு காலையில் பக்கத்து வீட்டுப் பெண் தையல் மெஷினைச் சுமந்துகொண்டு வாசலில் நின்றாள். இருபத்து மூன்று வயதுக்காரி, அபாயா தைத்துக் கடைகளுக்குக் கொடுப்பவள்.

"சாச்சி, ஹோலுக்க ஒரு மூலை தாங்க. ஊட்ட ஒரே சீமெந்துத் தூசி. கறுப்புத் துணியெல்லாம் சாம்பலாப் போகுது."

தூசிக்குக் காரணம் அவளுடைய கலியாணம். மாப்பிள்ளை பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளையின் உம்மா வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இது காணாது, மேல்மாடி போட்டால்தான் மகன் வருவான் என்று சொல்லியிருந்தாள். மகனுக்கு ஒழுங்கான தொழில் ஒன்று இல்லை, இருக்க மாடி மட்டும் வேணுமாம்! பெண்ணின் வாப்பா வயலை ஈடு வைத்துத் தூண் எழுப்பிக்கொண்டிருந்தார்.

அந்தப் பிள்ளைக்கும் எனக்கும் எப்படி ஒத்துப்போனது என்று பலர் கேட்டார்கள். நான் அவளுக்குப் புத்தி சொல்லவில்லை. அவள் என்னிடம் பயபக்தி காட்டவில்லை. இரண்டு பேருக்கும் பிடிக்காத ஆட்கள் ஒரே ஆட்கள். சிநேகிதத்துக்கு அது போதாதா?

அபாயா வெட்டிய மிச்சத் துணிகளை அவள் ஒரு உரப்பையில் சேர்த்து வைத்திருந்தாள். துண்டு துண்டாக ஒட்டித் தைக்கிற போர்வை ஒன்றைத் தொலைபேசியில் காட்டி, இதுக்குப் பேர் குயில்ட் என்றாள்.

"குயிலோ மயிலோ, தைச்சா நல்லாத்தான் இரிக்கும்," என்றேன்.

"எண்ட துணி முழுக்கக் கறுப்பு சாச்சி. கறுப்பு மட்டும் போட்டுத் தைச்சா சந்தூக்குப் பெட்டியில மௌத்தானவங்களுக்குப் போத்துற துணி மாதிரி இரிக்கும். கலர் வேணும்."

நான் எழும்பி அலுமாரியைத் திறந்தேன். ஊரார் கேட்டுக் கொடுக்காத சாரன்களை அவள் கேட்காமலே அவளுக்கு முன்னால் போட்டேன். அவள் கத்தரிக்கோலை எடுக்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தாள். வெட்டு என்று சத்தம் போட்டேன். முதல் சாரன் கிழிபட்டபோது நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதையும் சொல்லத்தான் வேண்டும். பிறகு நான் சதுரம் அளந்து கொடுக்க, அவள் தைத்தாள். கோணலாக அளந்தால் "கணக்கு டீச்சர் எண்டு யார் உங்களுக்குச் சொன்ன?" என்பாள். நான் உரக்கச் சிரித்தேன். இத்தா வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் வருகிறது என்று அதற்கும் ஒரு கதை கிளம்பியது.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். "குயில் எந்த அளவுக்கு வந்திரிக்கி?" என்று நான் கேட்டது யாருடைய காதிலோ விழுந்து, இத்தாவில் இருக்கிறவள் வீட்டுக்குள் குயில் வளர்க்கிறாள் என்று பரவிவிட்டது. மூன்றாம் வீட்டுக்காரி மௌலவிக்குத் தொலைபேசி எடுத்து, வளர்க்கலாமா என்று கேட்டாளாம். பறவைக்குத் தீன் கொடுத்தால் குற்றமில்லை என்று அந்த மனிதர் சொன்னாராம். அவருக்காவது கொஞ்சம் மூளை இருந்தது.

கதை மாப்பிள்ளையின் உம்மா வரைக்கும் போனது. கலியாணப் பெண் இத்தா வீட்டில் பகல் முழுக்கக் கிடக்கிறாள், அந்த வாடை எங்கள் மகனுக்கு ஆகாது, போவதை நிற்பாட்டினால்தான் கலியாணம் என்று ஆள் அனுப்பினாள். பெண்ணின் உம்மா அழுதுகொண்டு என்னிடம் வந்தாள்.

"டீச்சர், மாப்பிள்ளைர உம்மாவ ஒருக்கா இஞ்ச கூட்டிக்கொண்டு வாறன். உங்களப் பார்த்தா மனம் மாறுவா. ஆனா உங்கட வாய... அல்லாஹ்வுக்காக, அண்டைக்கு மட்டும் ஒண்டும் கதைக்காதங்க. வயலும் போய், கலியாணமும் போனா நாங்க என்ன செய்யிற?"

அந்தப் பிள்ளைக்காக, சரி என்றேன்.

மாப்பிள்ளையின் உம்மா கையில் பிஸ்கட் பெட்டியோடு வந்து உட்கார்ந்தாள். சபூர் செய்யுங்கள், பொறுமையாக இருங்கள் என்று எனக்கு உபதேசம் செய்தாள். என் சுவர் வெடிப்பை அண்ணாந்து பார்த்தாள். விதவைகள் சத்தமாகச் சிரித்தால் வீட்டின் பறக்கத்தும் செழிப்பும் குறையும் என்றாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பெண் தேநீர்த் தட்டோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்தவர் வீட்டையும் அளந்து பழகிய மாப்பிள்ளையின் உம்மா எழும்பி, கேட்காமலே என் அறைத் திரையை விலக்கினாள். கட்டிலில் போர்வை விரித்திருந்தது.

"யா அல்லாஹ், என்ன வடிவு!" உள்ளே போய்த் தடவினாள். ஓரத்தைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "துருக்கிச் சாமானா?"

பெண்ணின் உம்மா என் கையைப் பிடித்து நசுக்கினாள்.

"ஓம், துருக்கி," என்றேன்.

"நாங்களும் கேக்கத்தான் இரிந்த. மகன்ட கட்டிலுக்கும் இப்பிடி ஒண்டு போட்டுக் குடுங்க. சும்மா சந்தைச் சாமான் வேணாம்."

"மாமி," என்றாள் பெண். குரல் தெளிவாக இருந்தது. "அது துருக்கி இல்ல. சாச்சிர மனுசன்ர சாரன். நான்தான் வெட்டித் தைச்ச. இப்ப கன்னத்துல வெச்சீங்களே, அது வயலுக்கு உடுத்த சாரன்."

மாப்பிள்ளையின் உம்மா முந்தானையால் கன்னத்தைத் துடைத்தாள், திரும்பத் திரும்பத் துடைத்தாள். பிறகு போய்விட்டாள். அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன்னமே கலியாணம் வேண்டாம் என்று செய்தி வந்தது. மேசன்மார் சாந்துக் கரண்டியைக் கழுவிக்கொண்டு போனார்கள்.

அடுத்த நாள் அந்தப் பிள்ளை வந்து மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"உனக்கு விசராடி? நான்தான் பொய் சொல்லிச் சமாளிச்சேனே. உண்ட வாப்பா வயல ஈடு வெச்சு மாடி கட்டுறார், நீ ஒரு சாரனுக்காக எல்லாத்தையும் கெடுத்துப்போட்டியே!"

அவள் நூலைக் கோத்தபடியே சொன்னாள்.

"சாரனுக்காக இல்ல சாச்சி. நீங்க தலையாட்டிக்கொண்டே 'ஓம், துருக்கி' எண்டு சொன்னீங்க பாருங்க. ஒரு தேத்தண்ணி குடிக்கிறதுக்குள்ள உங்களயே இப்பிடி ஆக்கிப்போட்டாவே, என்னய என்ன ஆக்குவா எண்டு யோசிச்சன்."

எத்தனையோ அதிபர்மாருக்கும் பரிசோதகர்மாருக்கும் பதில் சொன்னவள் நான், அவளுடைய கறுப்புத் துணியை எடுத்து அளந்து கொடுக்கத் தொடங்கினேன்.

இத்தா முடிந்துவிட்டது. ஈடு வைத்த வயல் இன்னும் மீளவில்லை, அது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. பெண்ணின் உம்மா இன்னும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. ஆனால் போர்வையைக் கழுவிக்கொண்டு போனால், தங்கள் வீட்டு மாடிப்படிக் கதவைத் திறந்துவிடுகிறாள். மேலே கூரையும் இல்லை, சுவரும் இல்லை, கம்பி நீட்டிய தூண்கள் மட்டும். துணி காய நல்ல இடம். தூணுக்குத் தூண் கயிறு கட்டி நானும் அந்தப் பிள்ளையும் அதைக் காயப் போடுகிறோம். மீன்சந்தைக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். மாப்பிள்ளையின் உம்மாவும் அந்த வழியால்தான் போகவேண்டும்.

போன கிழமை புதிதாகக் குடிவந்த ஒருத்தி கீழே நின்று, "ராத்தா, அது துருக்கியா?" என்று கூப்பிட்டுக் கேட்டாள்.

"இல்ல," என்று தெருவெல்லாம் கேட்கச் சொன்னேன். "எண்ட மனுசன்ர சாரன்."