புகை படாத மொச்சை விதை

எங்கள் வீட்டுக்குக் கேஸ் அடுப்பு வந்த வருஷம் மொச்சை விதை கெட்டுப்போனது. கெடுத்தது நான்தான்.

கேழ்வரகுக் காட்டின் ஓரத்தில் வருஷா வருஷம் நாங்கள் போடும் மொச்சை அது. கறுப்புப் புள்ளி போட்ட சின்னக் கொட்டை. கடையில் கிடைக்காது. எங்கள் கிளியூரில் அதைப் போட்டுவந்த மற்றவர்கள் காப்பிக்கும் மிளகுக்கும் மாறிவிட்டார்கள். அறுப்பு முடிந்ததும் விதையைச் சுரைக்குடுக்கையில் போட்டு, விறகடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுவேன். புகை ஏற ஏற வண்டு அண்டாது.

அடுப்பை மாற்றினோம். குடுக்கையை மாற்ற எனக்குத் தோன்றவில்லை. புகையே இல்லாத இடத்தில் மாதக்கணக்கில் தொங்கியது. ஆடியில் மழை விழுந்ததும் இறக்கிக் கவிழ்த்தேன். மாவாகக் கொட்டியது. கொட்டைக்குக் கொட்டை ஓட்டை. ஓரளவு நல்லதாகப் பொறுக்கி ஊறவைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை.

"ஏனுங்க, உங்க அக்கா ஊட்டுல கேட்டுப் பாருங்க" என்றாள் மனைவி.

எனக்கு யாரிடமும் எதையும் கேட்க வராது. கூடப்பிறந்தவளிடமும் அப்படித்தான். மூன்று நாள் தள்ளிப்போட்டேன். மண்ணில் ஈரம் காய்ந்துவிடுமே என்ற பயத்தில் நான்காம் நாள் அக்கா இருக்கும் வெள்ளக்கடைக்குப் போனேன். விதை கேட்டு வெறுங்கையோடு போவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. ஒரு படி கேழ்வரகு விதை கொண்டுபோனேன். அக்கா காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டுக் கேழ்வரகை அவள் முன்னால் வைத்தேன்.

"கேவுரு எனக்கெதுக்குடா? மொச்சை போச்சா?"

தலையாட்டினேன்.

"கேஸ்ல ரசம் சீக்கிரமாக் கொதிக்குதுன்னு பெருமை பேசுனாளே உம்பொண்டாட்டி. வண்டும் சீக்கிரமா வந்துருச்சாட்ட இருக்குது."

உள்ளே போய் ஊறுகாய் பாட்டில் ஒன்றை எடுத்துவந்தாள். அடியில், சாம்பலுக்குள் இரண்டு கைப்பிடி மொச்சை. மீதியைக் குழம்பு வைத்துவிட்டாளாம். பாட்டிலில் இருந்ததில் ஒரு கைப்பிடியை என் துண்டில் கொட்டினாள்.

"இன்னொண்ணு எங்கிட்டயே இருக்கட்டும். வேலியோரமா ஊனி உட்டுக்கறேன். ரெண்டு ஊட்டுதும் ஒண்ணாக் கெட்டுப்போவக் கூடாது பாரு."

ஊன்றினேன். பெரும்பாலும் முளைத்தது. தையில் காய் பிடித்தபோது மனைவி முறத்தோடு வந்தாள்.

"ஒரே ஒரு குழம்புக்குங்க."

விதைக்கே பத்தாது, வேண்டாம் என்றேன். வெறும் முறத்தோடு திரும்பிப் போனவள் இரண்டு நாள் வெறும் ரசமே வைத்தாள்.

இப்போது குளிக்க வெந்நீரைக் கொட்டகையில் விறகு வைத்துத்தான் காய்ச்சுகிறேன். குடுக்கை அந்த அடுப்புக்கு மேலே தொங்குகிறது. எஸ்டேட் வேலை முடிந்து வந்து ஈர விறகை ஊதுவது அலுப்பாகத்தான் இருக்கிறது. கண் எரிகிறது. குடுக்கையில் பாதிகூட நிறையவில்லை. அடுத்த தைக்கும் குழம்பு கிடையாது என்பதை மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.