பின் சீட்டுக்கும் சேர்த்து

மெக்கானிக் இரண்டு உள்ளங்கைகளையும் என் மோட்டார் சைக்கிளின் சீட்டில் ஊன்றி ஓர் அமுக்கு அமுக்கினார். வண்டி இறங்கி, எம்பி, மறுபடி இறங்கி, ஒரு வழியாக நின்றது. "செத்துப்போச்சு சார் ஷாக்கு. ரெண்டுமே" என்றார், இழவு சொல்லும் குரலில்.

அவர் கடையில் வேறு வேலை கிடையாது. குலுக்கலைத் தாங்கும் பின் ஷாக்கை மாற்றுவார், முன் ஃபோர்க்கில் ஆயில் மாற்றுவார், ஓட்டுகிறவர் எடைக்கு ஸ்பிரிங்கை அமைத்துத் தருவார். செயின் தளர்ந்திருக்கிறது என்றால்கூட, "பக்கத்துக் கடைல காட்டுங்க." எதை முடித்தாலும், "இன்னும் ரெண்டு கிளிக்" என்று ஸ்பிரிங்கை இறுக்கும் திருகைத் திருகாமல் விடமாட்டார். அதனால் பேரே 'ரெண்டு கிளிக்'.

புது ஷாக்கைப் பூட்டிவிட்டு எடை கேட்டார். எழுபது என்றேன். என்னை உட்காரவைத்து, வண்டி எவ்வளவு இறங்கியது என்று டேப்பால் அளந்தார். "எழுபத்தெட்டு இருப்பீங்க. என்கிட்ட மறைக்கலாம், ஸ்பிரிங்குகிட்ட மறைக்க முடியுமா?"

அடுத்து, "பின்னாடி யாரு உக்காருவாங்க?"

"மனைவி."

"போய்க் கூட்டிட்டு வாங்க."

வேகாத வெயிலில் போய் அழைத்து வந்தேன். அவளிடம் மட்டும் எடை கேட்கவில்லை, விவரமான மனிதர். ஏறி உட்காரச் சொல்லி, "எங்கயாவது இடிக்குதாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றாள். மறுபடி கேட்டார். மூன்றாம் முறை கேட்டதும் அவள் சிரித்துவிட்டாள்.

அவர் சிரிக்கவில்லை.

"என் வீட்டுக்காரி சொன்னாம்மா. தூக்கித் தூக்கிப் போடுதுங்கன்னு ஆறு வருஷம் சொன்னா. வளைவுல நமக்கு வண்டி ஆடக் கூடாதுன்னு கட்டை மாதிரி ஸ்பிரிங் போட்டிருந்தேன். கெட்டியாப் பிடிச்சுக்கோன்னேன். பிடிச்சுக்கிட்டா. முதுகுல டிஸ்க் நகந்தப்புறம்தான் கழட்டினேன்."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அவருக்கும் அது தெரியும் என்பதுதான் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

"இப்ப எப்படி இருக்காங்க?" என்றாள் என் மனைவி.

"வண்டில உக்காரலாம்னு டாக்டரே சொல்லிட்டாரு. அவதான் பஸ்ஸே போதும்ங்கறா. சாயங்காலம் அவ வேலை விடுற நேரத்துக்கு பஸ் ஸ்டாப்புல வண்டியோட போய் நிப்பேன். பஸ் வந்ததும் ஏறிடுவா. கோவிச்சுக்கிட்டு ஏறினாக்கூடத் தேவல, அதுவும் இல்ல."

வேலை முடிந்த வண்டியைத் திரும்ப எடுக்கப் போன மாலை, அவரும் கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார். தெருவில் அவர் வண்டி ஒரு சின்னப் பள்ளத்துக்கே எம்பிக் குதிப்பதை முன்பே பார்த்திருக்கிறேன். வாய் சும்மா இருக்கவில்லை. "ஊர் வண்டியெல்லாம் மெத்தை, உங்க வண்டி மட்டும் ஏன் இப்படி?"

"ரெண்டு ஆளு எடைக்கு வச்சது சார். ஒரு ஆளு போனா குதிக்கத்தான் செய்யும்."

"தனியாத்தானே போறீங்க? கொஞ்சம் தளர்த்திக்கலாமே."

"இன்னைக்கு அவ வர்றேன்னு சொல்லிட்டான்னா?"

குனிந்து, பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் கம்பிகள் இரண்டையும் விரித்துவிட்டு, பஸ் நிறுத்தம் இருக்கும் பக்கமாக வண்டியைத் திருப்பினார்.