டவுன்பஸ் ஓடாத நாட்கள்

எங்கள் தெருவில் ஒரு டவுன்பஸ் இருந்தது. அதற்குச் சக்கரம் கிடையாது. இரண்டு கால்கள்தான்.

பிள்ளைகளே, நான் சொல்வது ஒரு மனிதரைப் பற்றி. காளவாசலில் மேம்பாலம் வருவதற்கு ரொம்ப காலம் முன்பு, எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவரை ஒட்டி வெளிப்பக்கம் படுத்துக் கிடந்தவர். எண்ணெய் காணாத தலை, சாயம் போன காக்கிச் சட்டை, கழுத்தில் ஒரு விசில். அவர் பெயர் என்ன என்று யாரும் கேட்டதில்லை. டவுன்பஸ் என்றால் எல்லாருக்கும் தெரியும்.

விடிந்ததும் விசில் ஊதிக் கிளம்புவார். பஸ் போகும் வழியிலேயே அரசரடி, பெரியார் நிலையம் என்று ரோட்டோரமாக நடப்பார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிற்பார். ஆள் ஏறி இறங்க நேரம் கொடுப்பார். பிறகு தனக்குத்தானே ரைட் சொல்லிக்கொண்டு நடப்பார். பொழுது சாயும்வரை போவதும் வருவதும்தான். சட்டைப் பையில் ரோட்டில் பொறுக்கிய பழைய டிக்கெட்டுகள் பிதுங்கிக்கொண்டு இருக்கும். நாங்கள் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக ஓடினால் ஆளுக்கு ஒன்று கொடுப்பார். ஆனால் தெருமுனையில் எல்லாரையும் இறக்கிவிட்டுவிடுவார். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போக அவருக்குப் பெர்மிட் இல்லையாம்.

என் அம்மாவுக்கு முதலில் அவரைக் கண்டாலே ஆகாது. வாசல் தெளிக்கிற சாக்கில் ஒரு நாள் ஒரு வாளித் தண்ணீரைச் சுவருக்கு மேலாக வீசி ஊற்றினாள். மனிதர் நனைந்துபோய் எழுந்தார். கோபப்படவில்லை. இரண்டு கையையும் தூக்கி அக்குளைக் காட்டினார். அப்புறம் திரும்பி நின்று முதுகைக் காட்டினார். டிப்போவில் பஸ்ஸைக் கழுவுகிறார்கள் என்று நினைத்துவிட்டார். மறுநாள் அம்மா வாளியோடு வரும்போது அவரே சுவரோரம் தயாராக நின்றார்.

"மேனேசரம்மா, இந்தப் பக்கம் சேறு அப்பியிருக்கு பாருங்க" என்றார்.

அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டாள். டிப்போ என்று ஆகிவிட்டால் வண்டிக்கு டீசலும் போட்டாக வேண்டும் அல்லவா? அன்று முதல் மீந்த சோறும் குழம்பும் சுவர்மேல் போயின. அவ்வளவுதான் அவர்களுக்குள் இருந்த உறவு. அவர் கேட்டுக்கு உள்ளே வந்ததில்லை. அம்மா கூப்பிட்டதும் இல்லை.

நான் மூன்றாம் வகுப்பு படிக்கையில் எனக்குக் கண்ணில் நோய் வந்தது. காலையில் இமை ஒட்டிக்கொண்டு திறக்காது. வெயில் பட்டால் நீராகக் கொட்டும். கரும்பலகையில் இருக்கும் எழுத்தெல்லாம் பனிக்குள் நிற்பதுபோல் இருக்கும். ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து கொடுத்து, பார்வை தேறுமா என்று போகப் போகத்தான் சொல்ல முடியும் என்றார்கள். அம்மா மருந்தும் ஊற்றினாள். உசிலம்பட்டிக்கு அங்கிட்டு இருக்கும் தன் பிறந்த ஊர் மாரியம்மனிடம் வேண்டியும் கொண்டாள். பங்குனித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டி விரதம் இருந்து, வெள்ளியில் கண்மலர் சாத்துவதாக வேண்டுதல். கண்மலர் என்றால் கண் மாதிரியே செய்த இரண்டு சின்னத் தகடுகள்.

காப்பு என்பதையும் உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். மஞ்சள் நனைத்த கயிற்றை, சாமி பேரைச் சொல்லிக் கையில் கட்டுவார்கள். கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டி ராத்தங்கக் கூடாது. கடைச் சாப்பாடு ஆகாது. விரதச் சோறுதான். திருவிழா முடிந்த பிறகு கட்டிவிட்டவர் கையாலேயே அவிழ்க்க வேண்டும்.

நாங்கள் ஊருக்குக் கிளம்பிய அன்று ஒரு சிக்கல். அப்பா லாரி ஓட்டுகிறவர். எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. அதனால் வீட்டுச் சாவியை எதிர்வீட்டு அத்தையிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். அன்று பார்த்து அத்தை, மகளுக்குப் பிரசவம் என்று போய்விட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிறது. சுவரோரம் டவுன்பஸ் நின்றுகொண்டிருந்தார். அம்மா தெருவை ஒரு தரம் பார்த்தாள், அவரை ஒரு தரம் பார்த்தாள். சாவியை நீட்டினாள். அவர் அதை டிக்கெட்டுகளோடு பையில் போடப் போனார்.

"யோவ், கிழிஞ்ச பையில போட்டு எங்கிட்டும் உதுத்துராத" என்று பிடுங்கிக்கொண்டாள்.

ஊருக்குக் கொண்டுபோக மஞ்சள் நனைத்துக் காய வைத்த கயிறுகள் அவள் பையில் இருந்தன. அதில் ஒன்றை உருவிச் சாவியைக் கோர்த்து, அவர் வலது மணிக்கட்டில் இறுக்கி முடிச்சுப் போட்டாள். முடிச்சுப் போடும்போது வாய்ப் பழக்கத்தில், "மாரியாத்தா, நீதான் தாயி காப்பாத்தணும்" என்றாள். அப்பா வந்தால் வீட்டைத் திறந்துவிடச் சொன்னாள். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் தன் மணிக்கட்டையே பார்த்தபடி நின்றார்.

அன்று சாயங்காலம் ஊரில் பூசாரி அம்மாவுக்குக் காப்புக் கட்டினார்.

கண்மலர் சாத்துகிற நாளுக்கு முந்தின நாள்தான் அம்மாவுக்கு அது நினைவுக்கு வந்தது. தகடுகளைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்தவள், பத்திரமாக அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். காப்புக் கட்டியவர்கள் பகலில் வெளியே போய் வரலாம். பொழுது அடைவதற்குள் ஊருக்குள் இருந்தால் போதும். என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். உசிலம்பட்டிச் சந்தைக் கூட்டத்தில் ஒரு பஸ்ஸை விட்டு, அடுத்ததில் தொங்கிக்கொண்டு, காளவாசலில் இறங்கும்போது வெயில் சாயத் தொடங்கியிருந்தது.

தெருமுனை டீக்கடைக்காரர் கூப்பிட்டார். "அக்கா, ஒங்க டவுன்பஸ்சு ஓட மாட்டேங்குது. என்னன்னு பாருங்க."

நாங்கள் போன நாளிலிருந்து அவர் தெருவைத் தாண்டவே இல்லையாம். கேட்டை ஒட்டியே உட்கார்ந்திருக்கிறாராம். டீயும் பன்னும் கொண்டுபோய்க் கொடுத்தால் கடைப் பண்டம் ஆகாது என்கிறாராம். யாரோ பிரியாணிப் பொட்டலம் நீட்டியதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். தெருக்குழாய்த் தண்ணீரும் வாழைப்பழமும்தான். "சாமியாராயிட்டாரு போல. சிஷ்யருக எப்ப வாராகன்னு தெரியல" என்று சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. வேகமாக நடந்தாள்.

அவர் கேட்டுக்கு முன்னால் கால் மடக்கி உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. உதடு வெடித்திருந்தது. கழுத்து விசில் முதுகுப் பக்கம் போய்க் கிடந்தது. அழுக்கு மனிதர்தான், ஆனால் அந்த வலது கையை மட்டும் கழுவிக் கழுவிச் சுத்தமாக வைத்திருந்தார். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, அதில் எங்கள் சாவி. அம்மாவைப் பார்த்ததும் சுவரைப் பிடித்து எழுந்தார்.

"மேனேசரம்மா, காப்பக் கட்டிவிட்டுப் போயிட்டீக. எல்லை எதுன்னு சொல்லாமப் போயிட்டீக. அதான் இந்தக் கேட்டு வரைக்கும்னு நானா வச்சுக்கிட்டேன்."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மஞ்சள் கயிறு, வலது கை, மாரியாத்தா பேரு. சாவி தொலையக் கூடாது என்று கட்டியதுதான். ஆனால் எல்லாம் கூடிக் காப்பாகவே ஆகியிருந்தது.

அவிழ்த்துவிடட்டுமா என்று கேட்டாள். அவர் கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

"திருவிழா முடிஞ்சிருச்சா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவருக்கு எப்படித் தெரியப் போகிறது? ஆனால் அம்மாவால் அந்தப் பொய்யைச் சொல்ல முடியவில்லை. திருவிழாவை முடித்து மஞ்சள் தண்ணீர் ஊற்ற இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்றாள். அப்படியென்றால் அப்போது அவிழ்த்தால் போதும் என்று அவர் சொல்லிவிட்டார். எங்களோடு ஊருக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"பஸ்ஸு பஸ்ஸுல ஏறுமா?" என்றார்.

வீட்டை அவர்தான் திறந்தார். கயிற்றை அவிழ்க்காமல், மணிக்கட்டைப் பூட்டருகே கொண்டுபோய், உடம்பையே சாய்த்துச் சாவியைத் திருகினார். கேட்டுக்கு உள்ளே அவர் வந்தது அதுதான் முதல் தடவை. பூட்டுத் திறந்ததும் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். அத்தனை நாளும் அந்த வீட்டைக் காத்தவர், கதவு திறந்தபோது உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. அப்படியே பின்னால் நடந்து வெளியே போய்விட்டார்.

அம்மா கண்மலரை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். அந்த நேரத்துக்குக் கிளம்பினால்தான் உசிலம்பட்டியில் எங்கள் ஊருக்குப் போகும் கடைசி மினிபஸ்ஸைப் பிடிக்க முடியும். அதை விட்டால் வேறு வண்டி கிடையாது. வாசற்படியில் நின்றாள். மேற்கே பார்த்தாள். என் முகத்தைத் தூக்கிப் பார்த்தாள். கேட்டுக்கு வெளியே அவரைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் புதுப் பானை ஒன்றை எடுத்துக் கழுவத் தொடங்கினாள்.

அவருக்கு அது புரிந்துவிட்டது. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டார். "பொழுதடையுறதுக்குள்ள நீங்க ஊரு போயிச் சேரணும். நேரத்தப் பாருங்க. நான் கெடந்துட்டுப் போறேன்."

"சும்மா இருங்கண்ணே" என்றாள் அம்மா. யோவ் போய் அண்ணே வந்திருந்தது. "காப்புக் கட்டுன ஆளப் பட்டினி போட்டுட்டு, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஆத்தாகிட்டக் கண்ணு கேக்குறது?"

அவர் கம்பியை விட்டுவிட்டு உட்கார்ந்தார்.

முதலில் கஞ்சிதான் கொடுத்தாள். வெறும் வயிற்றில் அது நிற்கவில்லை, வாந்தி எடுத்தார். தலையைப் பிடித்துவிட்டு, கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி கொடுத்தாள். அது நின்றது. அப்புறம் பச்சரிசிச் சோறு வடித்துப் பாசிப்பருப்புக் கடைந்தாள். நான் டீக்கடையில் போய் வாழை இலை வாங்கி வந்தேன். டீக்கடைக்காரரும் கூடவே வந்து தள்ளி நின்றார். இப்போது அவர் சிரிக்கவில்லை. கேட்டுக்கு வெளியே தண்ணீர் தெளித்து, கோலம் இழுத்து, இலையை விரித்து, அம்மா பரிமாறினாள். அவர் ஒவ்வொரு வாயாக, ரொம்ப மெதுவாகச் சாப்பிட்டார். தெருவே அவரவர் வாசலில் நின்று பார்த்தது. கோயிலில் தீபாராதனை காட்டும்போது ஒரு அமைதி இருக்குமே, அப்படி.

அவர் இலையை மடித்தபோது தெருவிளக்கு எரிந்துவிட்டது.

மறுநாள் முதல் பஸ்ஸில் ஊருக்குப் போனோம். விஷயம் தெரிந்து என் பெரியம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். சொந்தப் பிள்ளையின் கண்ணைவிட எவனோ ஒரு பைத்தியக்காரன் பெரிதாகப் போய்விட்டானா என்று கேட்டார். விரதம் முறிந்துவிட்டது என்று பூசாரி அவள் கையில் இருந்த கயிற்றை அவிழ்த்து வாங்கிக்கொண்டார். கண்மலர் பெரியம்மா கையால் சன்னதிக்குப் போனது. அம்மா கொடிக்கம்பத்துக்கு வெளியே, வெயிலில், என் கண்ணுக்குத் தன் முந்தானையை நிழலாகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திருவிழா முடிந்து வந்து அவர் காப்பை அவிழ்த்தாள். மஞ்சள் தண்ணீரைக் கையில் ஊற்றியதும் அவர் குழந்தை மாதிரி அழுதார். எந்த ஊர்க்காரர், முன்பு எந்தச் சாமிக்குக் காப்புக் கட்டியிருந்தார் என்று அம்மா கேட்கவில்லை. அப்பா வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, லாரித் தார்ப்பாய் ஒன்றைச் சுவரில் சாய்ப்பாகக் கட்டிக் கொடுத்தார்.

என் கண் நாளாக நாளாகத் தெளிந்தது. பிறகு கண்ணாடி வந்தது. அந்தக் கண்ணாடிக்குக் காரணம் அன்று ராத்தங்கியதுதான் என்று பெரியம்மா இன்றைக்கும் சொல்வார்.

ஊரிலிருந்து வந்த பிறகு தினமும் காலையில் அம்மா என்னை வாசலுக்குக் கூட்டி வந்து நிறுத்துவாள். எனக்கு அது ஒரு விளையாட்டாகத்தான் தெரிந்தது. அவள் கேட்டு வரைக்கும் போய்த் திரும்பி, விரல்களை நீட்டி எத்தனை என்று கேட்பாள். நன்றாகத் தெரியும்போதும் நான் வேண்டுமென்றே மாற்றிச் சொல்வேன். மூன்று விரல் என்றால் ஐந்து என்பேன். ஒன்று என்றால் நான்கு என்பேன். சொல்லிவிட்டுச் சிரிப்பேன். அம்மா ஒரு அடி கிட்டே வந்து மறுபடி நீட்டுவாள்.

ஒரு நாள் சர்வீஸுக்குக் கிளம்பிய டவுன்பஸ் அதைப் பார்த்து நின்றார். நிறுத்தமே இல்லாத இடத்தில் அவர் நின்று நான் பார்த்ததில்லை. கேட்டருகே வந்து, அம்மாவுக்குக் கேட்காத குரலில் என்னிடம் சொன்னார்:

"தம்பி, சரியாச் சொல்லிப்புடுப்பா."

அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளையாட்டு மறந்துபோனது. இரண்டு என்றேன். அம்மா கையை மாற்றினாள். நான்கு என்றேன். கேட்டையும் தாண்டி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று நீட்டினாள். ஒன்று என்றேன்.

அம்மா நீட்டிய விரலை மடக்கவே இல்லை. அப்படியே நின்றாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, என்னைத் தாண்டி விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்விட்டாள். எல்லாவற்றையும் சரியாகச் சொல்லி விளையாட்டைக் கெடுத்துவிட்டேன், அதுதான் அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.